பிரேக் நாள்

அந்த வியாழக்கிழமை நான் அலுவலகத்தில் இல்லை. வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து கிடையாது. விரல் வைக்கிற இயந்திரத்தில் என் விரல் பதியவில்லை. ஆனால் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து தேர்வுப் பிரிவின் ஜன்னல்களைத் திறந்துவிட்டவள் நான்தான்.

பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். எங்கள் வளாகம் ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களை மட்டும்தான் தெரியும். மாணவரைச் சேர்ப்பது, விடுதியில் இடம் கொடுப்பது, தேர்வு நடத்துவது, கடைசியில் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவது எல்லாம் மாடியில் இருக்கும் நாங்கள்தான். எங்களில் சிலர் நிரந்தரம். மீதிப் பேர் தொகுப்பூதியம். தொகுப்பூதியக்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பணி உத்தரவு வரும். அது முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு அடுத்த உத்தரவைத் தருவார்கள். விடாமல் வேலை பார்த்தோம், நிரந்தரம் செய்யுங்கள் என்று யாரும் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாதே, அதற்காக. அந்த ஒரு நாளுக்குப் பிரேக் என்று பெயர்.

பிரேக் நாளில் வீட்டில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். தேர்வுக் காலத்தில் பிரேக் விழுந்தால் அந்த வேலையை வேறு யார் பார்ப்பார்கள்? பின்வாசல் வழியாக வந்து, எதிலும் கையெழுத்துப் போடாமல், வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவோம். வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வராதவளுக்கு அடுத்த உத்தரவு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

நான் அந்தத் தாமதத்துக்குப் பயந்து போகிறவள் இல்லை. நான் இல்லாவிட்டால் தேர்வுப் பிரிவு திணறும் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இப்போதும் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா கைநாட்டு. அச்சன்புதூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. அம்மா பீடி சுற்றுகிறாள். இலத்தூரில் எங்கள் தெருவில் எம்.காம். முடித்துக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற முதல் பெண் நான். அந்த அட்டையை பஸ்ஸில் ஏறிய பிறகு மாட்டிக்கொள்ளலாம். நான் வீட்டுவாசலிலேயே மாட்டிக்கொள்வேன்.

பின்வாசலில் இருந்த காவலாளி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி. அன்று என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"அட்டையக் கழத்திப் பைல போடு தாயி. இன்னைக்கு நீ ஆளு கெடையாது, வெறுங்காத்து."

"காத்த நிறுத்துவீயளா அண்ணாச்சி?"

"மலைக் கணவாய்க் காத்தையே எவனும் நிறுத்தல. ஒன்னய நிறுத்தப் போறேனா. போ, போ."

சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். மலை தெரியவில்லை. மேகம் வளாகத்துச் சுற்றுச்சுவர் வரைக்கும் இறங்கிவந்து நின்றது. சாரல் காலத்தில் இது வழக்கம்தான். ஆனால் அன்று காற்று இல்லை. சாரல் அடிக்கும்போது காற்று இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

தேர்வுப் பிரிவில் எனக்கு மூத்தவர் ஓர் அக்கா. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தினமும் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைப் போல மூன்று மாத உத்தரவிலேயே காலத்தை ஓட்டியவர். இந்த வருஷம்தான் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு தலைமை அலுவலகம் வரை போய், ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஆவணிக்குள் வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அக்கா மட்டும் அதைப் பற்றிப் பேச மாட்டார். யாராவது பேச்சை எடுத்தால், கண் பட்டுவிடக் கூடாது என்று மேஜையின் மரத்தைத் தொட்டுக்கொள்வார்.

கேள்வித்தாள் இப்போதெல்லாம் கட்டாக வருவதில்லை. தேர்வு தொடங்குவதற்குச் சற்று முன்னால் தலைமை அலுவலகம் அதைக் கணினியில் அனுப்பும். அதைத் திறக்க ஓர் எண் வேண்டும். அந்த எண் எங்கள் தேர்வுக் கண்காணிப்பாளரின் செல்போனுக்கு மட்டும் வரும். அவரும், வெளியூரிலிருந்து வருகிற பார்வையாளரும் அறையில் இருக்கும்போதுதான் தாளைத் திறக்க வேண்டும், அச்சடிக்க வேண்டும், கவரில் போட்டு ஒட்ட வேண்டும். அச்சடிக்கிற அக்காவைத் தவிர அந்த அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது.

மற்ற ஊர்களில் இது அப்படியே நடக்கலாம். இங்கே சீசன் என்று ஒன்று இருக்கிறது. இந்த வருஷம் தேர்வு தள்ளிப்போய், அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. சாரல் காலத்தில் எங்கள் வளாகத்துக்கு வருகிற பார்வையாளர்கள் பையில் துண்டோடு வருவார்கள். அவர்களை அருவிக்குக் கூட்டிப்போவது கண்காணிப்பாளரின் எழுதப்படாத வேலை. எண்ணெய் தேய்த்து விடுகிறவர் முதல் மங்குஸ்தான் பழம் வாங்கும் கடை வரை எல்லாம் அவருக்குப் பழக்கம். கூட்டம் சேருமுன் போனால்தான் நன்றாகக் குளிக்கலாம். அதனால் காலைத் தேர்வும் குளியலும் எப்போதும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

அன்றும் இருவரும் அக்காவின் மேஜைக்கு வந்தார்கள். தாங்கள் முன்னால் இருந்து தாளைத் திறந்ததாக எழுதிய காகிதத்தில், திறப்பதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்கள். கண்காணிப்பாளர் தன் செல்போனை அக்காவிடம் கொடுத்தார்.

"நம்பர் வந்தா போட்டு எறக்கிருங்க. தண்ணில போனு நனஞ்சா வேற வம்பு. மணி அடிக்கதுக்குள்ள வந்துருவோம்."

பார்வையாளர் என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு?"

"நம்ம பிள்ளதான் சார். கணக்கா இருப்பா."

நம்ம பிள்ளை என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எண் வந்தது. அக்கா திறந்தார். நான் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன். பாதியில் இயந்திரம் தாளை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஈரக்காற்றில் காகிதம் நமுத்துப்போனால் இப்படி ஆகும். அக்கா கதவைத் திறந்து, தட்டி, மறுபடி மூடிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. கீழே ஹாலில் மாணவர்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா எப்போதும் செய்வதைச் செய்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

அவர் தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். கடைக்கு மேலே அவருடைய மைத்துனர் டியூஷன் நடத்தினார். எங்கள் வளாகத்தின் எல்லா இயந்திரத்துக்கும் அவர்தான். கண்காணிப்பாளருக்கு நெருக்கம். கூப்பிட்டவுடனே வந்துவிட்டார். வாசலில் டீக்கடையில்தான் நின்றேன் என்றார்.

"என்ன தங்கச்சி, மிஷினப் பட்டினி போட்டு வச்சிருக்கியளா? தாளையே முழுங்கிருக்கு."

பின்பக்கத்து மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டு ஒரு தாளை இழுத்தார். முழுக்க மை அப்பிக் கறுப்பாக இருந்தது.

"அண்ணே, அந்தத் தாள இங்கன குடுங்க. வீணாப் போனதையும் கவர்ல ஒட்டணும்" என்றேன்.

"இந்தா. வச்சுப் பூஜை பண்ணு."

வாங்கிக் கவரில் போட்டேன். அவர் மறுபடி குனிந்து கையை விட்டார். ஏதோ வெள்ளையாக அவருடைய கருவிப்பைக்குள் போனது. துடைக்கிற துணி என்று நினைத்தேன். இயந்திரம் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்ததும் அவர் பையோடு கிளம்பிவிட்டார். அக்காவும் நானும் தாள்களை அடுக்கி, கவரில் போட்டு, ஒட்டி, ஹாலுக்கு அனுப்பினோம். மணி அடித்தபோது கண்காணிப்பாளரும் பார்வையாளரும் ஈரத்தலையோடு படியேறி வந்தார்கள். அறை முழுக்க நல்லெண்ணெய் வாசனை.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கண்காணிப்பாளரின் செல்போன் அடித்தது. பேசியவர் எழுந்து நின்றுகொண்டார். ஆமா சார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

தேர்வு தொடங்குமுன்பே கேள்வித்தாளின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு மையத்துக்கும் அனுப்பும் தாளின் ஓரத்தில் அந்த மையத்தின் அடையாளம் மெல்லிசாக அச்சாகும். படத்தில் இருந்தது எங்கள் அடையாளம்.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்காணிப்பாளர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை கடைசியில் என்மேல் வந்து நின்றது.

"ஒனக்கு இன்னைக்கு பிரேக்குல்லா?"

"ஆமா சார்."

"அப்பம் நீ இங்கன இல்ல. வீட்டுக்குப் போ. பின்னால கூடிப் போ."

போனேன். காவலாளி அண்ணாச்சி இம்முறை எழுந்து நின்றார். கதவைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என் அடுத்த உத்தரவு தயாராக இருந்தது. எப்போதும் நான்தான் நாலு மேஜைக்கு அலைந்து வாங்குவேன். அன்று கண்காணிப்பாளரே எடுத்துக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குப் பதிலாக ஆறு மாதம் போட்டிருந்தது. அப்படி ஒரு உத்தரவை எங்கள் பிரிவில் யாரும் பார்த்ததில்லை. நான் நன்றி என்று சொன்னேனா, சும்மா நின்றேனா என்று ஞாபகம் இல்லை. தாள் கையில் கனத்தது போல இருந்தது.

அக்காவைத் தேர்வுப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை நூலகத்தின் பின்னால் பழைய பெஞ்சுகள் போட்டுவைத்த அறையில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஒரு வேலையும் கிடையாது. காலையில் வந்து உட்கார்ந்து மாலையில் எழுந்து போக வேண்டும். மெக்கானிக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் வந்ததே எந்தக் காகிதத்திலும் இல்லை, நான் இல்லாதது போல. காகிதத்தில் அந்த அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: கண்காணிப்பாளர், பார்வையாளர், அக்கா. இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி. மீதி யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கேண்டீனில் அக்காவின் பேச்சு வரும்போது குரல்கள் தணிந்தன.

அந்தப் படத்தை நான் விடுதிப் பிரிவில் இருக்கும் ஒரு தோழியின் போனில் பார்த்தேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை விசிறி மடித்த மாதிரி வரிவரியாகச் சுருக்கம் இருந்தது. கையால் மடித்தால் அப்படி வராது. இயந்திரத்தின் உருளைக்கு நடுவே சிக்கிய தாளில்தான் அப்படி வரும். கறுப்புத் தாள் எங்கள் கவரில் இருந்தது. இயந்திரம் இரண்டு தாளை விழுங்கியிருக்கிறது. வெள்ளையாகப் பைக்குள் போனது துணி இல்லை.

"என்னட்டி, பேயறஞ்ச மாதிரி நிக்க?" என்றாள் தோழி.

"ஒண்ணுமில்ல. தலவலி."

அன்று மாலை தென்காசி பஸ் ஸ்டாண்டில் அக்காவைத் தேடிப் போனேன். வாசுதேவநல்லூர் பஸ் நிற்கும் இடத்தில் குடையை மடக்காமல், கூரைக்கு அடியிலும் குடை பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, மெக்கானிக்குதான். எனக்குத் தெரியும். நான் சொல்லுதேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வரும் வழியையே பார்த்தபடி பேசினார்.

"நீ எப்படிச் சொல்லுவ? நீதான் வரலியே."

"வந்தேம்லா."

"வரலட்டி. கேட்டியா? நீ வரல. நான் அப்படித்தான் சொல்லிருக்கேன். ஒரு தடவ சொல்லிட்டேன், இனி மாத்த முடியாது."

"ஒங்க ஆர்டரு போயிரும்க்கா."

"போனாப் போவுது. ஒனக்கு ஆறு மாசம் குடுத்திருக்காராம்லா. வச்சுப் பொழச்சுக்கோ."

பஸ் வந்தது. ஏறினார். இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார். கடைசியாகச் சொன்ன வார்த்தை எனக்கு நல்லது நினைத்துச் சொன்னதா, குத்திச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா பீடி இலையை வெட்டுவதை நிறுத்தவில்லை.

"வரலன்னு சொல்லிட்டு வா. அந்த அக்காவே அப்படித்தான சொல்லுதா. ஒனக்கு என்ன கொள்ள போவுது?"

"அவ வேல போயிரும்மா."

"ஒன் வேல போனா? எம்மவ பெரிய ஆபீசுல இருக்கான்னு ஊரெல்லாம் பீத்திட்டுத் திரியுதேன். நாளைக்கு போலீசு வந்து வாசல்ல நின்னா எந்த மூஞ்சிய வச்சு வெளிய போவேன்?"

அப்பா சூளையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார் என்று தெரியும். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பேராசிரியை. எங்கள் கூட்ட அறையின் நீண்ட மேஜைக்கு ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் ஒரு நாற்காலி, ஓரத்தில் தட்டச்சு செய்கிறவர். என்னைக் கூப்பிட்டது வெறும் ஒப்புக்கு. பிரிவில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டார்கள். உள்ளே போகுமுன் கண்காணிப்பாளர் வராந்தாவில் நின்று, "ஒரு நிமிஷ வேலதான். வரலன்னு சொல்லிட்டு வந்துரு" என்றார், பல்லைப் பிடுங்கப் போகிறவளிடம் சொல்கிற மாதிரி.

நடுவில் இருந்தவர் முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு உங்களுக்குப் பிரேக். நீங்க வரல. சரிதானே?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். தட்டச்சுக்காரரின் விரல்கள் ஏற்கெனவே நகர ஆரம்பித்திருந்தன. அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் என் பதிலை அடிக்கிறார்.

"வந்தேன் சார்."

விரல்கள் நின்றன.

"என்னம்மா?"

"வந்தேன். எல்லாப் பிரேக்குக்கும் வருவோம். அன்னைக்கும் வந்தேன். தாள் அடிச்ச ரூம்லதான் இருந்தேன்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு அந்த ரூமுக்குள்ள போக அனுமதி இல்லை. அது தெரியுமா? இதைச் சொன்னா உங்க பேரும் இதுல வரும். போலீஸுக்குப் போனா அங்கயும் வரும். யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் மேடம்."

இயந்திரம் சிக்கியதை, மெக்கானிக் வந்ததை, கறுப்புத் தாளை வாங்கியதை, வெள்ளையாகப் பைக்குள் போனதைச் சொன்னேன். படத்தில் இருக்கும் சுருக்கத்தையும், கவரில் இருக்கும் தாளின் சுருக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் தட்டச்சுக்காரரை வெளியே கூட்டிப்போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். வெகுநேரம் கழித்து என் வாக்குமூலம் அச்சாகி வந்தது.

"கையெழுத்துப் போடுங்க."

"படிச்சுப் பாத்துட்டுப் போடுதேன்."

"நீங்க சொன்னதுதாம்மா."

படித்தேன். அந்த மேஜையில் உட்கார்ந்து, மூன்று பேரையும் காக்க வைத்து, வரிவரியாகப் படித்தேன். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை. நான் வந்தது இருந்தது. மெக்கானிக் வந்தது இருந்தது. அக்கா அவரைக் கூப்பிட்டது இருந்தது. ஆனால் அப்போது கண்காணிப்பாளரும் பார்வையாளரும் அறையில் இல்லை என்று நான் சொன்னது இல்லை.

"சார், அவங்க ரெண்டு பேரும் இல்லைன்னு சொன்னேனே. அது இதுல இல்ல."

"அது இந்த விசாரணைக்குத் தேவையில்லாதது."

"அது இல்லேன்னா, அவங்க இருக்கும்போதே அக்கா வெளியாள உள்ள விட்டாங்கன்னு ஆயிரும். நடந்தது அது இல்ல. எழுதுனா போடுதேன்."

மின்விசிறி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு சுற்றியது. பார்வையாளராக வந்தவர் நடுவில் இருந்தவருடைய துறைக்காரர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேராசிரியைதான் கடைசியில் மெல்லச் சொன்னார். "எழுதிடுங்க சார். நாளைக்கு நமக்கே கேள்வி வரும்."

எழுதினார்கள். அவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று பேராசிரியை கேட்டார். அருவிக்கு என்றேன். அதையும் எழுதினார்கள். மறுபடி முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எழுந்து வெளியே வந்தேன்.

கண்காணிப்பாளர் அதே இடத்தில் நின்றிருந்தார். உள்ளே நடந்தது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை. இரண்டு டீ சொல்லி, ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"குடி. மழையில வெடவெடன்னு இருக்கு." கொஞ்ச நேரம் தன் டீயை ஊதினார். "ஒங்கப்பா அச்சன்புதூர்ல சூளைலதான? அந்தச் சூளைக்காரரு நமக்கு வேண்டப்பட்டவருதான். நல்ல மனுசன்."

டீயைக் குடிக்க முடியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை. அவர் முடித்து டம்ளரை வைத்துவிட்டுப் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவிடமிருந்து அன்றைக்கே போன் வந்தது. அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"ஒன்னய யாருட்டி கேட்டா? வேற யாரும் உள்ள வரலன்னு நான் எழுதிக் குடுத்தாச்சு. இப்பம் நான் பொய் சொன்னவளா ஆயிட்டேன். வெளியாளு ரெண்டு பேர உள்ள விட்டவ நான். ஒன்னயும் சேத்துத்தான்."

"தாள வெளிய விட்டது நீங்க இல்லன்னு ஆயிட்டுல்லாக்கா."

எதிர்முனையில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அக்கா அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று தெரியவில்லை. கடைசியில், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என்னையும் பழைய பெஞ்சு அறைக்கு அனுப்பினார்கள். ஆறு மாத உத்தரவு எழுத்துப்பிழையால் வந்தது என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புதியது வரும் என்றார்கள். வந்தபாடில்லை. அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். முதல் சில நாள் பேசவில்லை. பிறகு அக்கா தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ள ஆரம்பித்தார். மெக்கானிக்கின் கடை மூடியிருந்தது. கேரளாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். ஆனால் எங்கள் தெருமுனையில் அவருடைய பைக் நிற்பதை அம்மா இரண்டு முறை பார்த்திருக்கிறாள். யாரும் அதிலிருந்து இறங்கவில்லையாம்.

சூளையில் அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மழை நேரம், மண் காயாது, வேலை இல்லை என்று காரணம். மழை நேரத்தில் சூளையில் வேலை குறைவது எப்போதும் உள்ளதுதான். மற்றவர்கள் போகிறார்களா என்று நான் கேட்டேன். அப்பா திண்ணையில் கிடந்த துண்டை எடுத்தார். கொஞ்சம் கழித்து, "அந்தத் தாளுல எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்துச்சுப்பா. விட்டதையும் எழுத வச்சுட்டேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அக்கா, நான், இரண்டு பேரும் துணைவேந்தர் முன்னால் நேரில் வர வேண்டும். முதல் ரயிலைப் பிடிக்க வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் கிடையாது என்று அக்கா முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அம்மா அவருக்குப் பாய் விரித்துக்கொடுத்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை.

காலையில் தென்காசி ஸ்டேஷனில் கூட்டம் இல்லை. மலைப்பக்கம் முழுக்க மூடிக்கிடந்தது. ரயில் வந்தது. ஜன்னலோரம் இரண்டு இடம் பார்த்து உட்கார்ந்தோம். அக்கா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பப் போகும் நேரத்தில் கண்காணிப்பாளர் ஏறினார். சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. கையில் ஒரு தோல்பை. பெட்டி காலியாகத்தான் இருந்தது. அவர் நடந்து வந்து எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

அக்காவின் விரல்கள் பைமேல் இறுகின. நான் எழுந்து வேறு இடத்துக்குப் போகலாமா என்று பார்த்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருங்கம்மா" என்றார் அவர், தோல்பையைப் பக்கத்தில் வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டே. "எல்லாரும் ஒரே எடத்துக்குத்தான போறோம்."

ரயில் நகர்ந்தது.